பத்திலிருந்து பத்தரை வரை

ஜூன் 12, திங்கள்

இன்று முப்பத்தோராவது ஆள் சேர்ந்தார். மேல்நிலைப் பள்ளி வாட்ச்மேன். படிவத்தை எப்படி நிரப்புவது என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். "இவ்வளவுதானா மேடம்? இத நான் ஒம்பது வருசமா மனசுக்குள்ள எழுதிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார்.

'பெர்பெத், களப்பணியாளர்' என்று கையெழுத்திட்டு அலுவலகத்துக்குக் கொடுக்கும் அறிக்கை வேறு. அதில் எண்கள் மட்டும்தான். மனதில் படுவதை எழுத இந்த நோட்டு. முதலில் எழுதவேண்டியது மையத்தைப் பற்றி. பெயர் 'துணை'. தூத்துக்குடியில், கடற்கரைக்குப் போகும் சாலையில், வலைக்கடை மாடியில் இரண்டு அறை. பதினான்கிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் பையன்களில் யாராவது அடிதடி, கத்தி, கேஸ் என்று போய்விடுவானோ என்று ஊர்க்காரர்களுக்குப் பட்டால் அந்தப் பெயரை எங்களிடம் தருவார்கள். டீக்கடைக்காரர், உபதேசியார், ரேஷன் கடை அக்கா, ஆட்டோக்காரர் என்று இப்போது முப்பத்தொரு பேர். பெயர் வந்ததும் நான் நேரில் போய்ப் பார்ப்பேன்.

மூன்று விதிகள். பெயர் போலீசுக்குப் போகாது. ஒருவர் சொன்னால் போதாது, அவரோடு பேசாத, தானே கண்ட இன்னொருவரும் சொல்லவேண்டும். தெருவையும் சாதியையும் தாடியையும் சட்டையையும் காரணமாக எழுதக்கூடாது. கண்ணால் கண்டதை எழுதவேண்டும். இந்த மூன்றாவது விதியைச் சொன்னது நான்தான். இயக்குநர் தேவசகாயம் சார் அதை அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். மாடி ஏறும்போதெல்லாம் அதை ஒருமுறை வாசித்துக்கொள்கிறேன். பெருமைப்படுவது பாவமென்றால் பங்குச்சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 17, சனி

பாளையங்கோட்டைக்குப் போய்வந்தேன். என் மகன் லியோன் இளைத்திருக்கிறான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. வந்ததும் துணி ஊறவைத்தேன்.

ஜூன் 23, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் சலூன் வைத்திருக்கும் கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். எங்கள் முப்பத்தொரு பேரில் அவரும் ஒருவர். தேவசகாயம் சார் சேர்த்துக்கொண்டவர், நான் அல்ல. எப்போது வந்தாலும் வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் வரமாட்டார். நான் உட்காரச் சொல்லவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

படிவத்தை நீட்டினார். கிளிட்டஸ், வயது பதினெட்டு.

"முடி வெட்ட வரலம்மா. மூணு வாரமா வாரான். பத்து மணிக்கு வந்து பெஞ்சுல உக்காருதான். பத்தரை ஆனா எந்திச்சுப் போயிருதான்."

"பேப்பர் படிக்க வருவான் அண்ணாச்சி."

"பேப்பர் கையில இருக்கும். கண்ணு கண்ணாடியில இருக்கும். எங்கடைக் கண்ணாடியில ரோடு முழுசும் தெரியும்லா."

அதற்குமேல் அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. போன செப்டம்பரில் கிளிட்டஸின் அண்ணன் பிரிட்டோவை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பைக் உரசியதில் ஆரம்பித்த தகராறு. வெட்டிய அல்போன்ஸ் என்பவன் இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. அந்த சலூனைத் தாண்டித்தான் நடந்து போகவேண்டும்.

படிவத்தை வாங்கி வைத்தேன். ஒருவர் சொன்னால் போதாது.

ஜூலை 3, திங்கள்

போதும். இரண்டாவது ஆளும் சொல்லிவிட்டார்.

கிளிட்டஸ் படிக்கும் ஐ.டி.ஐ.யின் வெல்டிங் வாத்தியார் சுந்தரவடிவு தபாலில் அனுப்பியிருக்கிறார். அவருக்கு சலூன்காரரைத் தெரியாது. 'கண்டது' என்ற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "ஒரு மாதமாகக் காலை வகுப்புக்கு வருவதில்லை. பிற்பகல் வகுப்பை ஒருநாளும் தவறவிட்டதில்லை. கண் எப்போதும் சிவந்திருக்கிறது. கேட்டால் பேசுவதில்லை. இந்த வருடத்துப் பையன்களில் இவன் கைவேலைதான் சுத்தம். இவனை இழக்க எனக்கு மனமில்லை."

தேவசகாயம் சார் கடைசி வரியை இரண்டுமுறை வாசித்தார். "இந்த மாதிரி எழுதுற ஆளு நமக்குக் கெடச்சிருக்காரே, பெர்பெத்" என்றார். ஐ.டி.ஐ.க்கு மூன்றுதடவை அலைந்து அந்த வாத்தியாரைச் சேர்த்தது நான். சார் அதை மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. அதிகம் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூலை 5, புதன்

கிளிட்டஸின் வீட்டுக்குப் போனேன். அப்பா இல்லை. அம்மா ரோசாரி இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுபோலவே ஆரம்பித்தேன்: மகனைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை, அவன்மேல் அக்கறையுள்ளவர்கள் அனுப்பி வந்திருக்கிறேன்.

"யாரு அனுப்புனது?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா."

"மூத்தவன மண்ணுக்குக் குடுத்துட்டு இவன் ஒருத்தன வச்சிருக்கேன். இவனுக்கு ரவுடின்னு பட்டங்கட்ட வந்தியளோ? எம் மவன் கோயில்ல பாடுதவன். மொதல்ல ஒங்க வீட்டுக் கதையப் பாருங்க."

அதற்குமேலும் சொன்னாள். அதை இங்கே எழுதவேண்டியதில்லை. கதவைச் சாத்தினாள். 'வீட்டார் ஒத்துழைக்கவில்லை' என்று படிவத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

ஜூலை 6, வியாழன்

தலைவலி. லீவு.

ஜூலை 15, சனி

பாளையங்கோட்டை. பதினைந்து நிமிடம்தான் பேசவிட்டார்கள். கொண்டுபோன முறுக்கைத் திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டில் முறுக்கு சாப்பிடுவது அவன் மட்டும்தான், நமுத்துப்போகும்.

ஜூலை 27, வியாழன்

கிளிட்டஸை முதல்முறையாகப் பார்த்தேன். பிற்பகல் வகுப்பு முடிந்து ஐ.டி.ஐ. வாசலில். ஒல்லி. மீசை இன்னும் சரியாக வரவில்லை. நான் யார் என்று சொன்னதும் நெற்றி சுருங்கியது.

"போலீஸ் லிஸ்ட்டா?"

"இல்லப்பா. எங்க லிஸ்ட்டு."

"லிஸ்ட்டுன்னா லிஸ்ட்டுதான?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கேட்டதற்கு இரவுவரை பதில் யோசித்தேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதும்போது இன்னும் கொஞ்சம் படபடக்கிறது. ஆனால் சந்தோஷமான படபடப்பு.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்லமாதிரிப் பேசுகிற மனிதர். பிரிட்டோவின் ஆண்டு நினைவு நாள் செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி வருகிறது, அன்றைக்கு ஏதாவது நடக்கலாம் என்று தகவல், உங்கள் லிஸ்ட்டைக் கொடுத்தால் முன்கூட்டியே பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவோம் என்றார். தேவசகாயம் சார் மதுரைக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான்.

"தரமாட்டோம் சார்."

"ஒரு கொல நடந்துட்டா? அப்ப ஒங்க விதிய யாருகிட்டப் போயி வாசிப்பீங்க?"

நியாயமான கேள்வி. அதுதான் என்னைக் குடைந்தது. அல்போன்ஸும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். கையெழுத்துப் போடப் போகிற வழியில் அவனை வெட்டிச் சாய்த்தால், அவனுடைய அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? கொன்றவனுக்கும் அம்மா உண்டு. அவளும் சோறு பொங்கிவைத்துவிட்டு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சார், பேரு தரமாட்டேன். நேரம் தாரேன்" என்றேன். "பத்துலேர்ந்து பத்தரை வரைக்கும். ஸ்டேஷனுக்கு வார ரோட்டுல, பால் பூத்துக்கும் திருப்பத்துக்கும் நடுவுல. அங்கன ஒரு கான்ஸ்டபிள் நின்னு டீ குடிச்சா போதும். யாரையும் பிடிக்க வேண்டாம். நிக்கது தெரிஞ்சா போதும். கையெழுத்த வேற ஸ்டேஷனுக்கு மாத்த அல்போன்ஸோட வக்கீலு மனுப் போடட்டும், நீங்க எதிர்ப்புச் சொல்லாம இருங்க."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பத்தாவது பெயில் சார்."

சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து ஆள் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் தேவசகாயம் சாரிடம் சொன்னேன். "நான் இருந்திருந்தா இவ்வளவு தெளிவாச் சொல்லிருக்க மாட்டேன்" என்றார். இதை அப்படியே எழுதிவைக்கிறேன். என்றாவது மனம் தளர்ந்தால் வாசிக்கலாம்.

ஆகஸ்ட் 9, புதன்

கான்ஸ்டபிள் நிற்கிறார். இரண்டு டீ குடித்தாராம்.

ஆகஸ்ட் 17, வியாழன்

சலூனுக்குப் போனேன். நாலு வருடமாக அந்தக் கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல்தான் போய்வந்துகொண்டிருந்தேன். மதியம், கூட்டம் இல்லாத நேரம். கோமதிநாயகம் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

கிளிட்டஸ் இன்னும் வருகிறானா என்று கேட்கத்தான் போனேன். வருகிறான், கான்ஸ்டபிளைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருகிறான் என்றார். அதோடு திரும்பியிருக்கலாம். வாயில் வேறு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் அன்னைக்கு ஒங்கள அவ்வளவு பேசுனேன். பின்னயும் எங்கிட்ட வந்து எப்படிப் பேரு குடுக்கிய?"

அவர் தூக்கை மூடினார். "ஒரு தடவ வந்து சொன்னேன். திட்டு வாங்குனேன். நமக்கு என்னத்துக்குன்னு பேசாம இருந்துட்டேன். ரெண்டாந்தடவையும் வந்து சொல்லிருக்கணும். அதுதான் உறுத்திக்கிட்டே கெடக்கும்மா. ஒங்க மேல ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். ரசம் வைத்தேன். கணவர் துறைமுகத்திலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இப்போது எழுதிவிடுகிறேன்.

லியோன் பாளையங்கோட்டையில் வேலை பார்ப்பதாகத்தான் கேட்பவர்களிடம் சொல்லிவந்தேன். அது பொய். சிறையில் இருக்கிறான். மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒரு பையனைக் குத்திவிட்டான், அந்தப் பையன் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அதற்கு எட்டு மாதம் முன்னால் கோமதிநாயகம் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உங்கள் பையன் கூடாதவர்களோடு சுற்றுகிறான், என் கடையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தெருவே கேட்கும்படி கத்தினேன். எம் மவன் கோயில்ல பாடுதவன், முடி வெட்டுறவன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா என்றேன். சாதியையும் இழுத்துச் சொன்னேன். சுவரில் ஒட்டியிருக்கும் மூன்றாவது விதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேவசகாயம் சாருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலை ஏழு மணிக்கே ரோசாரி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் மூடப்போனாள்.

"ரோசாரி, நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். எம் மவன் லியோன் ஜெயில்ல இருக்கான். ஒரு பையனக் கொன்னுட்டான். முன்னமே ஒருத்தர் வந்து எங்கிட்டச் சொன்னாரு. நான் கதவச் சாத்துனேன். நீ சாத்துன மாதிரியேதான். இதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன், போறேன்."

இரண்டு வீடு தள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது. நாலைந்து அடி நடந்திருப்பேன்.

"அக்கா."

திரும்பினேன். கதவு பாதி திறந்திருந்தது.

"உள்ள வாங்க. அவன் குளிக்கப் போயிருக்கான். ஒங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

கட்டிலுக்கு அடியிலிருந்த அவன் தகரப்பெட்டியைத் திறந்தாள். சட்டைகளுக்கு நடுவில் செய்தித்தாளில் சுற்றி ஒரு அரிவாள். கைப்பிடி போடாதது. ஒரு வாரத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாளாம்.

"எடுத்து எறிஞ்சிரலாம்னு கையில தூக்குனேன். எறிஞ்சா வேற வாங்குவான். நான் பாத்தது தெரிஞ்சா வேற எடத்துல வைப்பான். இங்கன இருந்தா எனக்காவது தெரியும்லா, இருக்கா போயிருச்சான்னு. தெனம் காலைல அவன் போனதும் தொறந்து பாக்கேன் அக்கா. இருந்தா அன்னைக்கு வேலைக்குப் போவேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரிலேயே இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. எப்போது பெட்டியில் அது இல்லையோ அப்போதே எனக்குப் போன் செய்யச் சொன்னேன். தேவசகாயம் சாரிடம் மட்டும் சொன்னேன். ஜாக்கிரதையாக இருக்கும்படி அல்போன்ஸின் வக்கீலுக்கு அவர் உடனே சொல்லியனுப்பினார், யார் பெயரையும் சொல்லாமல்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஒரு தப்புச் செய்தேன், அல்லது செய்யவேண்டியதைச் செய்தேன். கிளிட்டஸிடம் அவனுடைய படிவத்தைக் காட்டினேன். எழுதியவர் பெயரை மடித்து மறைத்துக்கொண்டேன்.

"என்ன லிஸ்ட்டுன்னு கேட்டல்லா? வாசிச்சுப் பாரு."

ஐ.டி.ஐ.க்கு எதிரிலிருக்கும் வேப்பமரத்தடி. நின்றுகொண்டே வாசித்தான். 'இவனை இழக்க எனக்கு மனமில்லை' என்ற இடத்தில் அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். இன்னொருதடவை மேலிருந்து வாசித்தான்.

"யாரு அத்த இது எழுதுனது?"

முதல்முறையாக அத்தை என்றான்.

"சொல்லக்கூடாது."

"என்னயப் பாத்தா எல்லாரும் அண்ணனத்தான் பேசுதாவ. அவன் கூட்டாளிப் பயலுவ தெனம் வந்து, என்னல ஒரு வருசம் ஆவப்போவுது, இன்னும் பாத்துக்கிட்டு இருக்கியான்னு கேக்கானுவ. நான் வெல்டிங் போடுதேன்னு எவன் பாத்தான்?"

"பாத்திருக்காங்களே."

தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

செப்டம்பர் 4, திங்கள்

காலை வகுப்புக்குப் போனானாம்! வெல்டிங் வாத்தியார் போன் செய்தார்.

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று திரும்பவும் சலூன் பெஞ்சில்.

செப்டம்பர் 13, புதன்

பிரிட்டோவின் கூட்டாளிகள் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பிரிட்டோவின் பெரிய படம். பக்கத்தில் கேட்காமலே கிளிட்டஸின் படம். கீழே 'அண்ணன் வழியில் தம்பி'. எந்த வழி என்று எழுதவில்லை. எழுதவேண்டியதும் இல்லை. ரோசாரி வேலைக்குப் போகும் வழி அது.

செப்டம்பர் 19, செவ்வாய்

கை ஓயும்வரை எழுதப்போகிறேன்.

காலை எட்டரைக்கு ரோசாரி போன் செய்தாள். "பெட்டியில இல்லக்கா." அவ்வளவுதான் சொன்னாள்.

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நகரத்தில் ஏதோ பெரிய நிகழ்ச்சி, எல்லாரையும் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டார்கள் என்று ஸ்டேஷனில் எடுத்தவர் சொன்னார். ஆள் அனுப்பப் பார்க்கிறேன் என்றார். தேவசகாயம் சார் அல்போன்ஸின் வக்கீலைப் பிடிக்க கோர்ட்டுக்கு ஓடினார். நானும் ரோசாரியும் சலூனுக்குப் போனோம். ஒன்பதே முக்கால். டீக்கடை வாசலில் கான்ஸ்டபிள் இல்லை.

ஆண்கள் சலூன் பெஞ்சில் இரண்டு பெண்கள் போய் உட்கார்ந்தோம். பெஞ்சு கண்ணாடிக்கு எதிர்ச்சுவரை ஒட்டி, வாசல் பக்கவாட்டில். கோமதிநாயகம் அண்ணாச்சி எங்கள் முகத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஷேவிங்குக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பியூட்டி பார்லர் ஆக்கிட்டீரா?" என்றார். "ஆமாய்யா, நீரு சாயங்காலம் வாரும்" என்று அனுப்பிவிட்டார். அந்த நேரத்திலும் ரோசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பத்து மணிக்கு கிளிட்டஸ் வந்தான். சட்டையை வெளியில் விட்டிருந்தான். முதுகு விறைப்பாக இருந்தது. பெஞ்சில் அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். எதிர்ப்பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். என்ஜினை அணைக்கவில்லை.

கோமதிநாயகம் அண்ணாச்சி நாற்காலியைத் துண்டால் தட்டினார். "வாப்பா. சாயங்காலம் அண்ணன் பூசைக்கு இந்தத் தலையோடயா போவ? உக்காரு."

அவன் நகரவில்லை.

ஒன்றரை வருடமாக இதற்கென்றே பயிற்சி வாங்கியவள் நான். கோபத்தில் இருக்கும் இளைஞனிடம் எப்படிப் பேசவேண்டும் என்று எட்டுப் பக்கம் குறிப்பு வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை வரவில்லை. பேசியது ரோசாரிதான். எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே பேசினாள். அழவும் இல்லை.

"ஒங்கண்ணனுக்குக் கடைசியா நாந்தான் தல சீவிவிட்டேன். சவப்பெட்டிக்குள்ள வச்சு. ரத்தத்துல முடி ஒட்டிக்கிட்டு சீப்பு எறங்கல. ஒனக்கும் நான் அப்படிச் சீவணுமா? சொல்லு, இன்னைக்கே சொல்லிரு. நான் மனசத் தயாரு பண்ணிக்கிடுதேன்."

வெளியே ஹாரன் அடித்தார்கள். ஒருதடவை. கொஞ்சம் விட்டு இரண்டுதடவை.

கிளிட்டஸ் நாற்காலியில் உட்காரப் போனான். உட்கார முடியவில்லை. முதுகில் செருகியிருந்தது குத்தியது. எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. அப்படியே பாதி குனிந்தபடி ஒரு நிமிடம் நின்றான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தான். உட்கார்ந்தான்.

அண்ணாச்சி வெள்ளைத் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தார். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி திருப்பினார். இப்போது அவன் முகம் எங்களுக்கு நேராக இருந்தது. கத்தரிக்கோல் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. அல்போன்ஸ் நடந்துபோனான். வக்கீல் போய்ச் சேருவதற்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டானாம். கண்ணாடியில் நான் அவனைப் பார்த்தேன். லியோன் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். விறுவிறுவென்று, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கிளிட்டஸ் வாசல் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியும். மூன்றரை மாதம் பார்த்த நேரம் அல்லவா? துணிக்குள் அவன் கைகள் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. கண்களை மூடிக்கொண்டான். கண்ணீர் வடிந்து, துணிமேல் விழுந்திருந்த முடியெல்லாம் நனைந்தது. அண்ணாச்சி இடது கையை அவன் உச்சந்தலையில் வைத்து அப்படியே கொஞ்சநேரம் வைத்திருந்தார். வெட்டவில்லை.

பைக் போய்விட்டது.

அந்தப் பொட்டலத்தை ரோசாரி முந்தானையில் சுற்றி எடுத்துப்போனாள். கடலில் போட்டாளா, எங்கே போட்டாள் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் பூசையில் கிளிட்டஸ் பாடினான். நானும் போயிருந்தேன். கோயிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம் அண்ணாச்சி நின்றார். உள்ளே வரச்சொல்லிப் போய்க் கூப்பிட்டேன். வந்து என் பெஞ்சில் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்கு இன்று எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. என்மேல் அல்ல. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

அல்போன்ஸ் கையெழுத்துப் போடுவதை வேறு ஊருக்கு மாற்றி உத்தரவு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரே போன் செய்தார். அன்றைக்கு ஆள் இல்லாமல் போனதற்கு வருத்தம் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை சார் என்றேன். அது உண்மைதான்.

செப்டம்பர் 30, சனி

பாளையங்கோட்டை. லியோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்களை மட்டும் சொல்லவில்லை. இத்தனை நாள் அவனிடம் வீட்டைப் பற்றியும் வானிலையைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் வேலை என்ன என்றுகூடச் சரியாகச் சொன்னதில்லை. அவன் முன்னால் சாய்ந்து கேட்டான். சலூனில் அந்தப் பையன் உட்கார முடியாமல் நின்ற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும் யாராவது அப்படிப் பேரு குடுத்தாங்களாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"குடுத்தாங்கப்பா. நாந்தான் வாங்கல."

நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். லியோன் எழுந்தான். திரும்பிப் பார்த்து, "இப்ப வாங்குதல்லா, போதும்மா" என்றான். "பேரு குடுத்தது யாரு, சலூன் அண்ணாச்சியா? நான் கேட்டேன்னு சொல்லு."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் வல்லநாடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். ஏனென்று தெரியவில்லை.

அக்டோபர் 11, புதன்

இந்த மாதம் ஏழு பெயர். வீட்டு வருகை நான்கு. மழை பிடித்துக்கொண்டதால் மாடிப்படி வழுக்குகிறது. சாக்கு விரித்திருக்கிறேன். கிளிட்டஸ் காலையும் பிற்பகலும் வகுப்புக்குப் போகிறான்.

நவம்பர் 14, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கிளிட்டஸ் மாடியேறி வந்தான். கையில் வெல்டிங் கருகல். ரோசாரிக்கு ஏதாவது உடம்பு சரியில்லையோ என்று பதறிவிட்டேன்.

"அம்ம நல்லாருக்கா. அத்த, ஒரு பாரம் குடுங்க."

"என்ன பாரம்?"

"அதான். அந்தப் பேரு எழுதுத பாரம்."

கொடுத்தேன். மேசையில் குனிந்து எழுதினான். அரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டுதடவை பேனாவைக் கடித்தான். எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினான்.

பெயர்: நிக்சன். வயது: பதினைந்து. பள்ளி: மூன்று வாரமாகப் போகவில்லை.

கண்டது: "முன்பு பள்ளி லீவு நாட்களில் அவன் அண்ணனுக்கு முப்பது அடி பின்னால் காவலுக்கு நடந்துவருவான். அவன் பயந்துகொண்டு வருவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பிறகு என்னைக் கண்டால் ஓடினான். போன வாரத்திலிருந்து ஓடுவதில்லை. நின்று முறைக்கிறான். சட்டையை வெளியில் விட்டு, முதுகை வளைக்காமல் நடக்கிறான். அது எதனால் என்று எனக்குத் தெரியும். நல்ல பையன். பந்து நன்றாக விளையாடுவான். யாராவது போய்ப் பாருங்கள்."

அல்போன்ஸின் தம்பி.

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் எதையோ தப்பாக எழுதிவிட்டதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு எடம் விட்டுட்டியே" என்றேன். 'இவர் உங்களுக்கு என்ன முறை?' என்ற கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

திரும்ப உட்கார்ந்தான். ஏதோ எழுதினான், அடித்தான். ஜன்னல் வழியே வலைக்கடைப் பக்கம் பார்த்தான். பிறகு எழுதினான். 'தெரிந்த பையன்.'

"இத எழுதுனது நீன்னு யாருக்கும் தெரியாது. நான் சொல்லமாட்டேன்" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான்.

"தெரிஞ்சா தெரியட்டும் அத்த."

பிற்பகல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனான்.